அலமாரிக்குள் இருந்த ஆக்ஸிஜன் மெஷின்

கொரோனாவின் இரண்டாவது அலை வந்த வருஷம் நடந்தது இது. கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மாடிக்கு இரண்டே வீடு. ஒன்றில் நான், என் கணவர், மாமனார். பக்கத்து வீட்டில் ஒரு வங்காளித் தம்பதி. எங்கள் சின்ன அறைக்கும் அவர்கள் படுக்கையறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

அந்த அம்மாவை நான் ‘பௌதி’ என்று கூப்பிடுவேன். இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கணவர் ‘தாதா’, அதாவது அண்ணன். சென்னையில் இருக்கும் என் தங்கை, “உங்க பக்கத்து வீட்டு தாதா சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அங்கே தாதா என்றால் அடிதடி ஆள் அல்லவா! எங்கள் தாதா ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டார். ஹவுராவில் சின்னதாக ஒரு தகரப் பட்டறை வைத்திருந்தார். ஒரே மகன், பெங்களூரில் வேலை.

எனக்கு இங்கேயே சால்ட் லேக் பகுதியில் ஐ.டி. வேலை, அப்போது வீட்டிலிருந்தே. சும்மா இருக்க முடியாத கை எனக்கு. ஊரே வீட்டில் அடைந்து கிடந்து கேக் செய்யப் பழகியபோது நான் கிரிப்டோ மைனிங்கில் இறங்கினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் கேம் விளையாடுகிறவர்கள் வாங்குகிற கிராஃபிக்ஸ் கார்டுகள் ஆறை ஒன்றாக இணைத்து, நாள் முழுக்கக் கணக்குப் போட விட்டால், இன்டர்நெட்டில் மட்டுமே இருக்கிற ஒரு காசு துளித்துளியாகச் சேரும். அவ்வளவுதான் விஷயம். ஆறு கார்டும் ஓடினால் வெட் கிரைண்டர் மாதிரி சத்தம் வரும், அடுப்பு மாதிரி கொதிக்கும்.

முதலில் மேஜைமேல் திறந்துதான் வைத்திருந்தேன். தூசி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். அதனால் மாமியார் காலத்து மர அலமாரிக்குள் எல்லாவற்றையும் தூக்கி வைத்தேன். கதவின் உள்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டினேன். காற்று உள்ளே வர அடியில் துளைகள், சூடு வெளியே போக மேலே நாலு ஃபேன். கார்டுக்கும் கார்டுக்கும் நாலு விரல் இடைவெளி. பெரிய இன்ஜினியர் என்று நினைப்பு! முதல் நாளே நடுவில் இருந்த இரண்டு கார்டு சூடு தாங்காமல் தானாக நின்றுவிட்டன. மேலே வெளியேறிய அனல் சுவரில் முட்டி, கீழே இருந்த துளை வழியாகவே திரும்ப உள்ளே வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. இன்னும் இரண்டு ஃபேன் போட்டேன். சூடு கொஞ்சம் குறைந்தது, சத்தம் கூடியது.

பொங்கல் முடிந்த வாரம். மாடிப்படியில் பௌதி என்னை நிறுத்தினார். “உங்க சின்ன ரூம்ல எப்பவும் ஏதோ ஓடிட்டே இருக்கே, என்ன அது?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் எனக்குள் ஒரு பயம். கிரிப்டோ என்றாலே ஏதோ திருட்டு வேலை என்று நினைப்பார்கள், கட்டடத்துச் செக்ரெட்டரி காதுக்குப் போகும், கரென்ட் லோடு என்று பஞ்சாயத்து வைப்பார்கள். நாக்கில் தயாராக இருந்த மாதிரி ஒரு பொய் வந்தது.

“மாமாவுக்கு மூச்சுப் பிரச்சினை பௌதி. ஆக்ஸிஜன் மெஷின்.”

மாமனாருக்குக் குளிர்காலத்தில் இரண்டு தடவை இன்ஹேலர் தேவைப்படும், அவ்வளவுதான். விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “ஏம்மா, தெனம் நாலு கிலோமீட்டர் நடக்குறவன ஆக்ஸிஜன்ல படுக்க வெச்சிட்டியே!” என்றார். பிறகு அவருக்கே அது விளையாட்டாகிவிட்டது. பௌதி தலை தெரிந்தால் போதும், படியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் மூன்று பேரும் சிரிப்போம். இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பௌதி அதை அப்படியே நம்பினார். வங்காளி வீடுகளில் சாயங்காலமானால் ‘தூனோ’ காட்டுவார்கள். தேங்காய் நாரில் நெருப்பு வைத்து, குங்கிலியம் தூவி, சாமி படத்திலிருந்து வாசல்வரை புகை காட்டுவது. பௌதி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட அதை நிறுத்தியதில்லை. நான் பொய் சொன்ன மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டார். “உன் மாமனாருக்குப் புகை ஆகாதே. சாமி ஒண்ணும் கோச்சுக்காது” என்றார். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

மாசியில் வெயில் ஏற ஆரம்பித்ததும் கார்டுகள் மறுபடி நின்றன. அனலை ஜன்னலுக்கு வெளியே தள்ளினால்தான் வழி. அட்டைப் பெட்டியை வெட்டிக் குழாய் மாதிரி ஒட்டி ஜன்னல்வரை கொண்டுபோனேன். அந்த அனல் நேராக பௌதியின் சமையலறை ஜன்னலில் போய் அடித்திருக்கிறது. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்திருக்கிறார். தாதாதான் கவனித்து, தன் ஜன்னலிலிருந்தே கை நீட்டி நூல் பிடித்து அளவு எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹவுராவிலிருந்து பஸ்ஸில் ஒரு தகரக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அழகாக வளைத்து, வாய் மேலே பார்க்கிற மாதிரி. மழை உள்ளே இறங்காமல் இருக்க ஒரு தொப்பி வேறு. அலமாரிக் கதவு சாத்தியே இருந்தது. முதுகுப் பக்கம் குழாயைப் பொருத்தும்போது கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஆக்ஸிஜன் மெஷின் இவ்வளவு சூடா?” என்று கேட்டார்.

“பழைய மாடல் தாதா. கம்ப்ரஸர் ரெண்டு.”

“அப்ப ஜாக்கிரதையா பாத்துக்கோ. மெஷின் நின்னா மனுஷன் நின்னுடுவான்” என்றார். காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, “மூச்சு விடறதுக்குக் காசு வாங்குவாங்களா?” என்று சிரித்துவிட்டு, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். அந்தக் குழாய் போட்டதும் சூடு பன்னிரண்டு டிகிரி இறங்கியது. நான் குதிக்காத குறை.

பிறகு அந்த அலை வந்தது. டிவியில் சிலிண்டருக்கு வரிசையில் நிற்கிறவர்களைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் பார்த்தேன், வருத்தப்பட்டேன். வருத்தப்பட்டுக்கொண்டே கார்டுகளின் சூடு எவ்வளவு என்று போனில் பார்த்துக்கொண்டேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு உறைக்கவே இல்லை. தாதாவுக்கும் பௌதிக்கும் காய்ச்சல் என்று தெரிந்ததும் தினமும் ரசமும் சாதமும் வாசலில் வைத்தேன். அத்தோடு என் கடமை முடிந்தது என்றுதான் இருந்தேன்.

ஒரு காலை, பத்து மணி இருக்கும். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். அழைப்பு மணி. பௌதி இரண்டு மாஸ்க் போட்டு, நாலு அடி தள்ளி நின்றார். தலை வாரியிருக்கவில்லை.

“உன் மெஷின ஒரு ரெண்டு மணி நேரம் தர்றியா? உன் மாமனார் தூங்குற நேரமா பாத்து எடுத்துக்கறேன். எங்க வீட்டுக்காரருக்கு ஆக்ஸிஜன் எண்பத்தி நாலுதான் காட்டுது.”

அவர் விடாமல் பேசிக்கொண்டே போனார். “நேத்து சாயங்காலமே பையன் சால்ட் லேக்ல அவன் ஃபிரெண்டுகிட்ட சொல்லி ஒரு சிலிண்டர் புடிச்சிட்டான். நாங்கதான் வேணாம்னுட்டோம். பக்கத்து வீட்டுல மெஷினே இருக்கு, இல்லாதவங்களுக்குக் குடுன்னு இவரே போன்ல சொன்னாரு.”

“பௌதி, அது ஆக்ஸிஜன் மெஷின் இல்ல.”

அவருக்குப் புரியவில்லை. “பழைய மாடல்னு இவரு சொன்னாரு. பரவாயில்லம்மா, கொஞ்சமா வந்தாலும் போதும்” என்றார். கொரோனா வீட்டிலிருந்து வந்தவரை உள்ளே விடக் கூடாது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிய, ஃபேன்கள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. பௌதி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“முகத்துல வைக்கிற குழாய் எங்கே?” என்று கேட்டார்.

நான் அழ ஆரம்பித்தேன். “அப்ப இது என்ன செய்யுது?” என்றார். கணக்குப் போடுகிறது என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பௌதி பின்னால் இருந்த தகரக் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார். வேகமாகத் தன் வீட்டுக்குப் போனார்.

அந்த சால்ட் லேக் சிலிண்டர் காலையிலேயே வேறு யாருக்கோ போய்விட்டது. நானும் என் கணவரும் எத்தனை பேருக்குப் போன் செய்தோம் என்று கணக்கே இல்லை. பாதிப் பேர் எடுக்கவில்லை, எடுத்தவர்கள் ‘இல்லை’ என்றார்கள். மத்தியானம் மூன்றரைக்குத்தான் ஒன்று கிடைத்தது. மாட்டும்போது எழுபதுக்குக் கீழே போயிருந்தது. ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்து ஆம்புலன்ஸ் வந்தது. படி குறுகல். நாற்காலியில் உட்கார வைத்து, சிலிண்டரோடு இறக்கினார்கள்.

எங்கள் வாசலில் நானும் மாமனாரும் நின்றோம். எங்களைத் தாண்டும்போது தாதா கண்ணைத் திறந்து மாமனாரைப் பார்த்தார். பேச முடியவில்லை. கையை மட்டும் தூக்கி, உள்ளே போ, உள்ளே போ என்று ஜாடை காட்டினார். நுரையீரல் சரியில்லாதவர், இங்கே நிற்கிறாரே என்று அவருக்குக் கவலை. பௌதி அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுபத்தாறு வயது மனிதர் வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

நாலாம் நாள் தாதா போய்விட்டார். முகம்கூடப் பார்க்க விடவில்லை. அந்த சால்ட் லேக் சிலிண்டரை வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இருக்கிறார், கேட்டால் சொல்வார். இன்றுவரை கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மகன் வந்ததும் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். பௌதி வாசலிலேயே நிறுத்தினார். “அவன்கிட்ட எதுவும் சொல்லாத. அவன் இன்னும் ரொம்ப நாள் வாழணும்” என்றார். அது மன்னிப்பா, அசதியா, எனக்கு விளங்கவில்லை. பௌதி மெஷின் கேட்டு வந்த அன்றைக்கு அலமாரியில் நிறுத்திய சுவிட்சை நான் திரும்பப் போடவே இல்லை. கார்டுகளைக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டேன். தகரக் குழாயைக் கழற்ற என் கணவர் இரண்டு தடவை போனார், வேண்டாம் என்று தடுத்தேன். மழை பெய்தால் அந்தத் தொப்பிமேல் விழுகிற சத்தம் கேட்கும்.

காரியம் எல்லாம் முடிந்து மகன் ஊருக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், எங்கள் வாசல் கதவின் இடுக்கு வழியாகப் புகை வந்தது. தேங்காய் நார், குங்கிலியம். பௌதி மறுபடி தூனோ காட்ட ஆரம்பித்திருந்தார். காட்டக் கூடாதென்று என்ன இருக்கிறது? இங்கேதான் நோயாளி என்று யாரும் இல்லையே. மாமனார் கூடத்தில் இருந்து அந்தப் புகையைப் பார்த்தார். இருமல் வரவில்லை. வராததற்கு வெட்கப்படுகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போதும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தப் புகை வருகிறது, கதவை நான் சாத்துவதில்லை. பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோமே என்றுதான் சின்ன வயதிலிருந்து பயந்திருக்கிறேன். நம்பிவிடுவார்களே என்று ஒரு நாளும் பயந்ததில்லை.