இருமாதவர்களைத் தேடி ஒரு நுரையீரல் ஆய்வு

ஒரு நோயாளியைக் குணப்படுத்த ஒரு டாக்டர் போதும். அந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்வதற்கோ அரை டஜன் துறைக்காரர்கள் வேண்டும், அவர்களில் முக்கால்வாசிப் பேர் நோயாளியை நேரில் பார்த்திருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் எழுதப்படாத விதி.

பல துறைக் கூட்டு ஆய்வு என்ற பெயரில் எங்காவது மாட்டிக்கொண்டு, ஏசி அறையில் ஆறிப்போன போண்டாவைத் தின்று, ‘ஒருங்கிணைப்பு’ என்ற வார்த்தையைக் காது புளிக்கக் கேட்டு, வீட்டுக்கு வந்து தலைவலி மாத்திரை போட்டுக்கொண்ட அன்பர்களே, இது உங்களுக்காகத்தான். படித்துவிட்டு ‘எங்கள் ஊரிலும் இதே கூத்துதான்’ என்று சொல்லப்போகிறீர்கள். சொல்லுங்கள், மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

நான் திருவள்ளூரில் நுரையீரல் டாக்டர். என்னிடம் வருகிறவர்களில் ஒருவர் ஏகாம்பரம். ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், கொஞ்சம் நெல் நிலம். அதில் வருகிற வருமானம் போதாமல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பு வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் கிரைண்டிங் வேலைக்குப் போனார். வார்த்த இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மணலை மெஷினில் தேய்த்து எடுக்கிற வேலை. தேய்க்கும்போது கிளம்புகிற தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. இப்போது அவரால் சொந்த வயல் வரப்பில் நாலு எட்டு சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. வேலையையும் விட்டுவிட்டார்.

‘பீடியால் வந்தது’ என்று எழுதினார் கம்பெனி டாக்டர். ஏகாம்பரம் பீடியைத் தொட்டதே இல்லை. வேலையால் வந்த நோய் என்று நிரூபித்தால்தான் இழப்பீடு. நான் எழுதிக் கொடுத்த சீட்டு போதாதாம், இந்தப் பகுதியில் ஆய்வு ஏதாவது நடந்திருக்கிறதா என்று இழப்பீட்டு அலுவலகத்தில் கேட்டார்களாம். அந்தச் சமயம் பார்த்து, வார்ப்புத் தொழிலாளர்களின் நுரையீரலைப் பற்றி ஒரு பெரிய கூட்டு ஆய்வு தொடங்கியது. நானே வலியப் போய்ச் சேர்ந்தேன். “உங்க மூச்சும் இதுல கணக்குல வரும்” என்று ஏகாம்பரத்திடம் வாக்கும் கொடுத்துவிட்டேன்.

வட்டங்கள்

முதல் கூட்டம் சென்னையில், ஒரு நட்சத்திர ஓட்டலில். கும்மிடிப்பூண்டித் தூசியைப் பற்றிப் பேச அதைவிடச் சுத்தமான இடம் கிடைக்கவில்லை போலும். ஆய்வுக்குத் தலைவர், சமூக மருத்துவப் பேராசிரியர் ஒருவர். அவரோடு பொறியியல், புள்ளியியல், உளவியல், மேலாண்மை என்று ஆளுக்கொரு துறை. நுரையீரலுக்கு நான் ஒருத்தி. என்னோடு, குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளக்கும் டெக்னீஷியன் தஸ்லிமா. பழவேற்காட்டுப் பெண், வாய் கொஞ்சம் நீளம், கை ரொம்பச் சுத்தம்.

தலைவர் திரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்ட வட்டங்களாகப் படம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு வட்டமும் ஒரு துறை. எல்லாம் சந்திக்கிற நடு இடத்தில் ‘தொழிலாளர் நலம்’ என்று எறும்பு சைஸில் எழுதியிருந்தது. அதற்கப்புறம் மத்தியானச் சாப்பாடு வரை பேச்சு முழுக்க வட்டத்தைப் பற்றித்தான். தன் வட்டம் நடுவைத் தொடவில்லை என்று உளவியல் அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தூசி, இருமல் என்ற சொற்களை யாரும் உச்சரிக்கவில்லை. கடைசியில் பொறியியல் பேராசிரியர் எழுந்து ரொம்பப் பணிவாகக் கேட்டார்: “சார், என் வட்டத்தைக் கொஞ்சம் பெரிசாப் போட்டுடுங்க, எங்க டீன் பார்ப்பாரு.”

சாம்பிளைக் கெடுப்பவர்கள்

அடுத்த கூட்டம், யாரை ஆய்வில் சேர்ப்பது என்பதற்கு. இப்போது வேலையில் இருக்கும் நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் போதும், கம்பெனியிடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, சுலபம் என்றார் புள்ளியியல் பேராசிரியர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சார், மூச்சு முட்டினா எவன் கிரைண்டிங் வேலையில நிப்பான்? நோய் வந்தவன் ஊருக்குப் போயிடுவான். தாக்குப்பிடிக்கிறவன் மட்டும்தான் மிச்சம் இருப்பான். மிச்சம் இருக்கிறவனை மட்டும் அளந்தா எல்லாரும் நல்லா இருக்காங்கன்னுதானே வரும்?” என்றேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. இந்தத் துறையில் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம். அங்கே இருந்த எல்லோரும் படித்தவர்கள்தான், சிலர் அதை வகுப்பில் நடத்துகிறவர்கள்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். வேலையை விட்டவர்களை இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம் என்றார். அன்பர்களே, இரண்டாம் கட்டம் எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. நான் விடாமல் மல்லுக்கட்டவும் புள்ளியியல்காரர் குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார்: “புரிஞ்சுக்குங்க மேடம், வேலையை விட்டவங்க சாம்பிளைக் கெடுத்துடுவாங்க.”

தூசி படாத கருவி

பொறியியல் பேராசிரியர் காற்றிலுள்ள தூசியை அளக்க ஒரு கருவி செய்திருந்தார். வெள்ளைப் பெட்டி, நீல விளக்கு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைத் தொழிற்சாலையில் பொருத்தி ரிப்பன் வெட்டி, போட்டோவெல்லாம் எடுத்தார்கள். சில வாரம் கழித்து அளவுகள் வந்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. கிரைண்டிங் ஷெட்டின் காற்று, மலைவாசஸ்தலத்துக் காற்று போல இருந்தது.

நேரில் போய்த் தேடினேன். ஷெட்டில் பெட்டியைக் காணோம். அங்கே நின்ற கொஞ்ச நேரத்திலேயே என் கைக்குட்டை பழுப்பேறிவிட்டது. விசாரித்துக்கொண்டே போனால், பெட்டி மேனேஜர் அறையில், ஏசிக்கு நேர் கீழே, மணிபிளான்ட் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நேராகப் பேராசிரியருக்கே போன் போட்டுக் கத்தினேன். அவருக்கு என் கோபத்தின் காரணமே விளங்கவில்லை. “அது ரொம்ப சென்சிடிவ்வான கருவி மேடம், தூசி பட்டா கெட்டுப்போயிடும்!”

இன்று லீவு

தொழிற்சாலையில் ஊதும் பரிசோதனை நடந்த நாள் திருவிழாதான். ஷாமியானா, நாற்காலி, பொங்கல் வடை. தஸ்லிமா ஒவ்வொருவர் முன்னாலும் நின்று “ஊது, ஊது, ஊது, விடாத, இன்னும் இன்னும்” என்று கபடிக் கோச் போலக் கத்தினாள். வந்தவர்கள் எல்லோரும் பிரமாதமாக ஊதினார்கள். ஒருவர்கூட இருமவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒடிசாப் பையன்கள் சிலர் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், பட்டியலில் இல்லை என்று சொல்லி செக்யூரிட்டி விரட்டிவிட்டார். தூசியில் அதிகம் நிற்பவர்கள் அவர்கள்தான்.

“இன்னா மேடம் இது, ஒருத்தனுக்குக்கூட மூச்சு வாங்கல? எங்க ஊர்ல படகு தள்றவங்களே இவங்கள மாரி ஊத மாட்டாங்க” என்று தஸ்லிமா என் காதைக் கடித்தாள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மனுஷர் நல்ல காரியம் செய்த திருப்தியோடு சொன்னார்: “இருமிகினு இருந்தவனுக்கெல்லாம் இன்னிக்கு லீவு குட்த்துட்டோம் மேடம், உங்களுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?”

கன்னியம்மாவின் கேள்வி

இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தஸ்லிமாவும் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊத்துக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருந்தேன். ஏகாம்பரம் சொல்லி அனுப்பியிருந்ததால், சுற்றுப்பட்ட ஊர்களில் வார்ப்பு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தார்கள். நடுத்தர வயது ஆட்கள், வேப்பமரத்தடியிலிருந்து வகுப்பறைக்குள் வருவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்கள். தஸ்லிமா அன்றைக்கு யாரிடமும் கத்தவில்லை.

சரியான அளவு கிடைக்க ஒருவர் மூன்று முறையாவது ஊத வேண்டும். ஏகாம்பரம் முதல் முறை ஊதியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் ஓய்வெடுத்து மறுபடியும் ஊதினார், உதடு நீலம் பாரித்தது. கணக்கில் வர வேண்டுமே என்ற தவிப்பில் மூன்றாவது முறைக்கும் குழாயைக் கையில் எடுத்தார். பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி கன்னியம்மா அந்தக் குழாயை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்: “இருக்கிற மூச்சையும் உங்களுக்கே ஊதிட்டா, ஊடு வரைக்கும் எப்டிமா நடந்து வருவாரு?”

மூன்றாவது பெயர்

மூன்றாவது முறைக்காக அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, அதையும் ஊதித்தான் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனார். அத்தனை அளவுகளையும் ஒழுங்காக எழுதித் தலைவருக்கு அனுப்பினேன். புள்ளியியல்காரர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். காரணம் கேட்டால், அந்த எண்கள் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாம். மற்றவர்களோடு ஒத்துப்போகாதவற்றை எடுத்துவிடுவதுதான் முறையாம். உயிரோடு இருக்கிற ஆளின் மூச்சை நம்ப மாட்டேன் என்கிறவருக்குப் பெயர் பேராசிரியர்!

நான் சண்டைக்குப் போன அன்று கூட்டத்தில் வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது. ஆய்வறிக்கையில் யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில் என்று. எங்கள் தொழிலில் முதல் பெயருக்கும் மதிப்பு, கடைசிப் பெயருக்கும் மதிப்பு, நடுவில் நிற்பவர்கள் பதவி உயர்வுக்குக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். ஊதும் பரிசோதனைக்கு ஆன நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆனது. தஸ்லிமாவின் பெயர் எங்குமே இல்லை, அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. ஊத்துக்கோட்டைக்காரர்களைச் சேர்க்காவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுந்துவிட்டேன். தலைவர் என்னைத் தனியே அழைத்துப்போய்த் தோளில் தட்டாத குறையாகப் பேரம் பேசினார்: “மேடம், உங்க பேரை மூணாவதாப் போடறேன், அந்த ஊத்துக்கோட்டை விஷயத்தை மட்டும் விட்டுடுங்க.”

பேர் இல்லாதவள்

நான் விடவில்லை. என் பெயர் நீக்கப்பட்டது. வேறொரு நுரையீரல் டாக்டரின் பெயர் அந்த இடத்தில் ஏறியது, அவர் கும்மிடிப்பூண்டியை ரயிலில் போகும்போது பார்த்திருப்பார். ‘வார்ப்புத் தொழிலாளர்களின் நுரையீரல் நலமாகவே உள்ளது’ என்று அறிக்கை வந்தது. தலைவர் துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பித்தார். புள்ளியியல்காரருக்குப் பதவி உயர்வு. பொறியியல் பேராசிரியரின் பெட்டிக்கு விருது. அறிக்கையின் முதல் பக்கத்தைக் கம்பெனி கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியது.

அதே அறிக்கையைக் காட்டித்தான் ஏகாம்பரத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். நான் நேராக அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஆய்வில் இருந்தவள் நான், நோயாளிகளை நீக்கியதை என் கண்ணால் பார்த்தேன், எழுதித் தருகிறேன் என்று படபடத்தேன். அதிகாரி நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அறிக்கையை எடுத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார். கொள்கையாக நினைத்து நான் செய்தது யாருக்கு வசதியாகப் போயிற்று என்று அந்த விரல் நகர நகர எனக்கு உறைத்தது. அவர் நிமிர்ந்து வருத்தத்தோடு கேட்டார்: “இதுல உங்க பேரே இல்லையே மேடம், நீங்க யாருன்னு நான் ஃபைல்ல எழுதறது?”

ஏகாம்பரத்தின் சந்தேகம்

போன வாரம் ஏகாம்பரம் என் ஓபிக்கு வந்தார். இப்போது ஆக்சிஜன் இல்லாமல் அவரால் தூங்க முடிவதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், தஸ்லிமா அளவுகளைத் தேதிவாரியாக அடுக்கித் தந்திருக்கிறாள், ஆனால் அது எப்போது முடியும், அதுவரை அவர் இருப்பாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அறிக்கையில் தன் மூச்சு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, யாரையெல்லாம் அளந்தோம், யாரையெல்லாம் விட்டோம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. மூச்சை இழுத்து இழுத்து, நடு நடுவே நிறுத்தி, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: “அப்போ, மூச்சு நல்லா கீறவன் ஒவ்வொருத்தனாண்டயும் போயி, மூச்சு நல்லா கீதான்னு கேட்டுகினு வரத்துக்கா மேடம், இத்தினி பெரிய படிப்பு?”

மொத்தத்தில், இந்த ஆய்வில் பங்கெடுத்த அத்தனை பேரும் நலமாகவே இருக்கிறார்கள். நலமில்லாதவர்களைத்தான் நாங்கள் பங்கெடுக்கவே விடவில்லையே.