பெருமரத்தடியில் தூறல்

செய்யூர் பேருந்துக்காகப் பெருமரத்தடியில் நிற்கிறேன். பொடிப்பொடியாகத் தூறுகிறது, குடையை விரிக்கிறேன். பக்கத்தில் அவித்த வேர்க்கடலை விற்கும் பெண் சிரிக்கிறார்.

“மழ இல்ல சார். புழு இலைய துன்னுகினு கீது. அதோட புழுக்கைதான் கொட்டுது.”

அண்ணாந்து பார்க்கிறேன். வெயில் கொளுத்துகிறது. கிளைக்குக் கிளை வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் வலை. உள்ளே ஆயிரமாயிரமாக நெளிகின்றன. பாதி இலையைக் காணோம்.

“மரம் செத்துடாதா?”

“போன வருசமும் மொட்ட அடிச்சிச்சி. நானு வெயில்லதான் குந்திகினு வித்தேன். அப்பால தானா துளிர் வுட்டுச்சி.”

பேருந்து வருகிறது. ஓட்டுநர் மேலே எட்டிப் பார்த்துவிட்டு இஞ்சினை அணைக்கிறார். உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்குகிறார்கள். ஒரு முழு மரத்தைத் தின்னும் சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது.

நான் குடையை மடக்குகிறேன். கொட்டட்டும்.