பூஜையில் வைத்த வரைபடம்

ஆயுத பூஜையன்று காலை பத்து மணிக்கு, செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் அமர்ந்து மற்றவர்களின் வாட்ஸப் ஸ்டேட்டஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர்கள் எல்லோரும் அன்று ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் போடுவார்கள்: கழுவித் துடைத்த லேத், அதன் தலையில் சாமந்தி மாலை, குங்குமம் வைத்த ஸ்பேனர்கள், பொரி, வாழையிலை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஒரு படத்தில் நின்றுவிட்டேன். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், பூஞ்சேரியில் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒருவர் போட்டிருந்த படம் அது. சரஸ்வதி படத்துக்கு முன்னால், நான்கு மூலைகளிலும் சந்தனம் வைத்து ஒரு பெரிய தாளை விரித்திருந்தார்கள். விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். அளவுகள் தெரிந்தன. வலது கீழ்மூலைக் கட்டத்தில் எங்கள் வாடிக்கையாளரின் பெயரும் வண்டியின் மாதிரி எண்ணும் தெரிந்தன. அந்த வண்டி இன்னும் சந்தைக்கு வரவில்லை. அப்படி ஒன்று தயாராகிறது என்பதே எங்கள் தொழிற்சாலையில் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மறைமலைநகரில் வாகன உறுப்புகள் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவுக்கு அப்போது நான் பொறுப்பாக இருந்தேன். வெளியே இருந்து வேலை செய்து கொடுக்கும் வெண்டர்களுக்கு எந்த வரைபடம் போகலாம் என்று தீர்மானிப்பதும், போனதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவதும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்குவதும் என் பணி. விதி எளிமையானது. ஒரு வெண்டருக்கு அவர் செய்யவேண்டிய உறுப்பின் வரைபடம் மட்டுமே போகும். அதிலும் வாடிக்கையாளரின் பெயர் உள்ள கட்டத்தை நீக்கிவிட்டுத்தான் கொடுப்போம். அந்த உறுப்பு எந்த வண்டியில் எதனோடு சேருகிறது என்பது அவருக்குத் தெரியக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இந்த விதியை விளக்கிச் சொன்னவளும் நான்தான்.

பூஞ்சேரிக்காரர் பல ஆண்டுகள் மற்றவர்களின் பட்டறைகளில் லேத் ஓட்டியவர். அவருடைய பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். சொந்தமாக ஷெட் போட்டபின் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை எங்களுடையது: பேட்டரிப் பெட்டியைத் தாங்கும் ஒரு பிராக்கெட். மாதிரிகள் சரியாக அமைந்தால் ஆர்டர் தொடர்ந்து வரும். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய அன்று, ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் அவருக்குச் சொன்னேன்.

“வூட்ல சம்சாரம் கேட்டாகூட சொல்லக் கூடாதா மேடம்?”

“கூடாது.”

“அப்ப பேஜாரே இல்ல. நான் இன்னா சொன்னாலும் அது காதுல வாங்காது.”

மூன்று வாரம் கழித்து ஒரு சந்தேகத்தோடு வந்தார். உறுப்பை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சட்டத்தை அவரே வடிவமைக்க வேண்டியிருந்தது. “இந்த ரெண்டு ஓட்டையும் எதுல போயி உக்காருதுன்னு தெரியாம எங்க மேடம் இறுக்கிப் புடிக்கறது? கண்ணக் கட்டிகினு வண்டி ஓட்டற மாதிரி கீது.” கேள்வி நியாயமானது. வடிவமைப்புப் பிரிவுக்கு எழுதி, வெளியே கொடுக்கத் தகுந்த வேறொரு தாளைத் தயாரிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரமாவது ஆகும். அவருடைய கெடுவோ அதற்கு முன்பே முடிந்துவிடும். எல்லா உறுப்புகளும் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கும் முழுத் தாளையே அச்செடுத்து, உறையில் போட்டுக் கொடுத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. வேலையை முழுதாகப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவரை நம்பினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

இப்போது அந்தப் படத்தைப் பார்த்ததும் ஐந்து முறை அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. அந்தப் படம் இன்னும் பல மணி நேரம் அப்படியேதான் இருக்கும். வீட்டில் பூஜை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கடைகளின் வாசலெல்லாம் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை, சக்கரம் வழுக்காமல் அந்தச் சிவந்த துண்டுகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டவேண்டியிருந்தது. வழியெல்லாம் மேலாளருக்கு எழுதவேண்டிய கடிதத்தை மனத்துக்குள் அமைத்துக்கொண்டே போனேன். அதை மிகக் கவனமாகவே அமைத்தேன்: முழுத் தாள் அவர் கைக்கு எப்படிப் போனது என்ற கேள்வி எழாதபடி.

அவர் வாசலுக்கே ஓடி வந்தார். “இன்னா மேடம், ஒரு போன்கூட பண்ணாம வந்துகீறீங்க? வாங்க, சுண்டல் சாப்ட்டுப் போலாம்.”

“எத்தனை தடவை பண்ணேன் தெரியுமா? போன் எங்க?”

அவர் உள்ளே கை காட்டினார். சரஸ்வதியின் காலடியில், வரைபடத்துக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டுடன் கிடந்தது அவருடைய போன். படத்தைப் போட்டுவிட்டு, சத்தத்தையும் அணைத்து, அதையும் பூஜையில் வைத்திருக்கிறார். ஆர்டர் வருவதெல்லாம் அதில்தானே, அதுவும் ஆயுதம்தான் என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல நின்றது. “இத்தினி நாளா பீரோவுல, நக வைக்கற லாக்கர்ல பூட்டி வச்சிகினு இருந்தேன் மேடம். ஒருத்தன் கண்ணுல காட்டல. என் லேத் பசங்களுக்கே துண்டுத் தாள்ல நானே வரஞ்சு குடுத்தேன். மொத ஆர்டராச்சே, ஒரு நாளு அம்மா காலாண்ட வச்சு எடுத்துரலாம்னு...”

“ஸ்டேட்டஸ் போட்டீங்களே?”

“அது பூஜப் படம் மேடம்.”

அவர் பொய் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் பிரதி எடுக்கக் கூடாது, யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. நான் மொழிபெயர்த்ததும் அப்படித்தான். அம்மன் முன்னால் எடுத்த ஒரு படம் பிரதியாகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. என்னைவிட அவர் அந்தத் தாளை ஒழுங்காகக் காத்திருந்தார் என்பதே எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

அவர் போனை எடுக்கக் குனிந்தபோது அவருடைய மனைவி குறுக்கே வந்தார். ஒடிசலான உருவம், கையில் கற்பூரத் தட்டு. “சாமிகிட்ட வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். இவங்க கம்பெனில வேற சாமியா கும்புடறாங்க?”

“ஏய், வேலையே போவப் போவுது, நீ வேற.”

மனைவி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வழி விட்டார். “போன மட்டும் எடு. தாளத் தொடாத.”

அழித்துவிட அவசரப்பட்டவரைத் தடுத்தேன். யாரெல்லாம் பார்த்தார்கள் என்ற பட்டியலும் அதோடு போய்விடும். முப்பத்தொரு பேர். அவர் ஒவ்வொரு பெயராகப் படிக்க, நான் எழுதினேன். மச்சினர், பால்காரர், இரும்புக் கடைக்காரர், சர்ச் தெரு எலக்ட்ரீஷியன், பட்டியலில் நானும். பத்தொன்பதாவது பெயரில் அவர் குரல் தயங்கியது. எங்களோடு போட்டியிடும் ஒரு தொழிற்சாலைக்கு வேலை செய்து தருபவர். அவரிடமிருந்து ஒரு பதிலும் வந்திருந்தது: ‘பெரிய எடம் போலகீது மச்சான்? சொல்லவே இல்ல.’

“சும்மா கலாய்க்கறான் மேடம்,” என்றார். ஆனால் அவர் கை வேட்டி நுனியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது.

படத்தை அழித்தோம். தாளின்மேல் ஒரு துண்டை விரித்து மூடினார்.

“இதோட வுட்டுருங்க மேடம். யாருக்குத் தெரியப் போவுது?”

“அவர் பாத்திருக்காரே. எத்தனை பேர் எடுத்து வச்சிருக்காங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வண்டிக் கம்பெனிக்காரங்க இன்னிக்கே தெரிஞ்சுகிட்டா வேற ஏதாவது செய்து காப்பாத்திக்கலாம். ஒரு மாசம் கழிச்சுத் தெரிஞ்சா ஒண்ணும் செய்ய முடியாது.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் லேத்தின் பக்கத்தில் நின்று போனில் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

“எங்க வூட்டுக்காரர் பேர எழுதறீங்களா?” என்று கேட்டார் அவர் மனைவி.

“எழுதித்தான் ஆகணும்மா.”

“எழுதுங்க. படம் போட்டது இதுதான. அந்தத் தாள இதுகிட்ட குடுத்தது யாரு, அத்தயும் எழுதுவீங்களா?”

வழியில் நான் அமைத்த கடிதத்தில் அந்த இடம் காலியாக இருந்தது என்பதை அவரால் எப்படி அறிய முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை எழுதாவிட்டால், முழுத் தாளை அவர் எங்கள் அலுவலகத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுத்தார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது தெரிந்தேதான் விட்டிருந்தேன்.

எழுதினேன். விதிக்கு மாறாக, பதிவேட்டில் குறிக்காமல், முழு வரைபடத்தை அவருக்குக் கொடுத்தவள் நான். எழுதியதைத் தமிழில் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். “இன்னொரு தபா படிங்க,” என்றார் அவர் மனைவி. மறுபடி படித்தேன். பிறகு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் மேலாளர் அழைத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. விஜயதசமிக்கு மறுநாள் காலை வாடிக்கையாளர் தரப்பினர் வருவார்கள், அன்றே தாளும் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. வந்த இருவரும் முப்பத்தொரு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இதுபோல வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறேனா என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மை, ஆனால் பதிவேட்டில் எழுதாத ஒருத்தி சொல்லும் உண்மைக்கு அவர்கள் என்ன மதிப்புக் கொடுப்பார்கள்? என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். திரும்ப அழைத்தபோது முடிவு தயாராக இருந்தது. பிராக்கெட் வேறொரு பட்டறைக்குப் போகும். முதல் தவறு தாளைக் கொடுத்தவருடையது என்பதால், பூஞ்சேரிக்காரரின் பெயர் வெண்டர் பட்டியலிலிருந்து நீக்கப்படாது. வரைபடங்களை வெளியே கொடுக்கும் அதிகாரம் எனக்கு இனி இல்லை. வெளியே போகும் வரைபடங்களில் நான் குத்தும் முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தேன்.

வாசல் காவலறையிலிருந்து அழைப்பு வந்தது. பூஞ்சேரிக்காரரின் மனைவி வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்ததில் முகம் களைத்திருந்தது. கையில் அந்தத் தாள். பழைய உறைக்குள், மூலைகளில் காய்ந்த சந்தனத்தோடு.

“அவர் வரலையா?”

“ரெண்டு நாளா சரியா சாப்புடல. மூஞ்சி காட்ட மாட்டேங்குது. இன்னா ஆச்சு, சொல்லுங்க.”

முடிவைச் சொன்னேன். ஆர்டர் போய்விட்டது என்றபோது அவர் கண்களை மூடித் திறந்தார். பெயர் இருக்கிறது என்றேன்.

“பேரு கீதுல்ல?”

“இருக்கு.”

தாளை நீட்டினார், நான் வாங்கப் போனபோது பிடியை விடவில்லை. “வாங்கிகினேன்னு எழுதிக் குடுங்க.”

காவலறையில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எழுதினேன். அவர் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். “முழுத் தாளுன்னு எழுதுங்க. சந்தனம் பட்டதுன்னும் எழுதுங்க. அப்புறம் கிழிஞ்சிச்சு, கறைன்னு வரக் கூடாது.” சேர்த்தேன். காவலாளியிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார். மடித்துப் பைக்குள் வைத்தபின் சொன்னார்:

“இனிமே எதனா வேல வந்தா என் நம்பருக்குப் பண்ணுங்க. கையெழுத்தெல்லாம் நான் போடறேன். அதுகிட்ட மிஷினு மட்டும் போதும்.”

“வேலை கொடுக்கறது இனிமே என் கையில இல்லம்மா.”

அவர் தன் எண்ணைச் சொல்லத் தொடங்கினார். “எழுதிக்கங்க. அத்த யார் கையில கீதோ, அவங்ககிட்ட குடுங்க.”