ஹிலாலா கிணற்றடிக்குத் திரும்பிய விதம்

எகிப்தின் சினாய்ப் பாலையில், தெற்கு மலைகளில் ஹிலாலாவுக்குத் தெரியாத கல்லே கிடையாது. இதை வேறு யாரும் சொன்னதில்லை, அவளேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். உறவெல்லாம் கடலோர ஊருக்குக் குடிபெயர்ந்த பிறகும், ஐம்பத்தாறு வயதில், பத்தொன்பது ஆடுகளோடு கிணற்றடியில் கூடாரம் போட்டுத் தனியாக இருந்தாள். ஏன் தாமதம் என்று கேட்க ஆளில்லாத வாழ்க்கை என்று தம்பி சுவைலிமிடம் பீற்றிக்கொள்வாள். வெள்ளிதோறும் மாவும் சர்க்கரையும் கொண்டுவரும் அவன், தேநீரைக் குடித்துவிட்டுப் போவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில் ஆடு ஒன்று பாறை விளிம்பில் நின்று கத்தியது. காப்பாற்ற ஏறினாள். இவள் நெருங்கியதும் அது தன்பாட்டுக்குத் தாவி இறங்கிப் போய்விட்டது. இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டவள் ஹிலாலாதான். விழுந்ததில் வலது கணுக்கால் முறிந்தது.

வெள்ளி வரை தன்னை யாரும் தேடப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் பீற்றிக்கொண்ட அதே சங்கதி. தலைத்துணியால் காலை இறுகக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே மணலில் பின்பக்கமாக நகர்ந்தாள். கிணறு அரை மணி நடைதான். அவளுக்கு மறுநாள் மாலை ஆயிற்று. தாகம் தாங்காமல் பால் தரும் ஆட்டின் கீழே படுத்துக் கறந்ததில் பாதி வாயிலும் பாதி கண்ணிலும் விழுந்தது. ஊருக்குப் போய்த் தம்பியைக் கூட்டிவரும்படி ஆடுகளுக்கு விவரமாக வழி சொன்னாள். அவை அசைபோட்டபடி கேட்டுக்கொண்டன. ஒரு கட்டத்தில் சுவைலிமின் பெயரைச் சொல்லி அழைத்தாள். மலை அதையே திருப்பிச் சொன்னதும் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளியன்று சுவைலிம் வந்தபோது அடுப்பில் தேநீர் கொதித்தது. அவள் சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மணல் நெடுக அவள் நகர்ந்து வந்த தடத்தை அவன் திரும்பிப் பார்த்தான்.

"பெரிய பாம்பு ஏதாச்சும் இந்தப் பக்கமா போச்சாக்கா?"

"கெழட்டுப் பாம்புடா. வழியெல்லாம் வாய் ஓயவே இல்ல."

அவன் சிரிக்கவில்லை. அவளைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, தன் தலைத்துணியை மடித்து அவள் காலுக்கடியில் வைத்தான். அதைக் கண்ட பிறகுதான் அவள் அழுதாள்.

மாவுக்கட்டோடு தம்பி வீட்டில் இரண்டு மாதம். பார்க்க வந்த பெண்கள் தங்கள் பேச்சில் அவளை மலையுச்சியிலிருந்தே விழவைத்தார்கள். என் உயரம்கூட இருக்காது என்று அவள் திருத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டுப் பிரித்ததும் மலைக்குப் புறப்பட்டாள். தடுத்துப் பார்த்த தம்பி, கடைசியில் கைபேசி ஒன்றைத் திணித்தான். கிணற்றடியில் அதற்குச் சிக்னல் கிடைக்காது, பக்கத்து மேட்டின் உச்சிக்கு ஏறவேண்டும்.

"கால் ஒடிஞ்சிருச்சுன்னு சொல்ல, ஒடிஞ்ச காலோட மேல ஏறணுமாடா?"

இப்போது ஒரு கோலை ஊன்றிக்கொண்டு தினமும் மாலையில் அந்த மேட்டில் ஏறுகிறாள். ஆடு மேய்க்கத்தான் ஏறுகிறேன், வந்த இடத்தில் சும்மா பேசுகிறேன் என்று கைபேசியில் தம்பியிடம் சொல்கிறாள். அவனும் நம்புவதாகவே காட்டிக்கொள்கிறான்.