இறக்கைக்கு இரண்டு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் அவர் தங்கை; அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் திருப்பருத்திக்குன்றத்தில் பிறந்தார். அப்பாவுக்கு இருந்தது கொஞ்சம் நிலம். மழை பொய்த்து அதுவும் கைவிட்டுப் போயிற்று. பள்ளியிறுதி முடித்த கையோடு அண்ணன் காஞ்சிபுரத்தில் எங்கள் தாய்மாமாவின் பட்டுநூல் கடையில் வேலைக்கு நின்றார். அங்கிருந்தே கடற்படைக்கு எழுதிப் போட்டார். போர் விமானங்களில் துப்பாக்கியும் குண்டும் ஏற்றி இறக்கும் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று வீட்டில் பெரிய சண்டை.

"எறும்பு காலுல படாம பாத்துக்கினு நடக்குற ஜைனக் குடும்பம்பா இது. நீ குண்டு மாட்டப் போறியா?" என்றார் மாமா.

"ஒரு புடவைக்கு எத்தினி புழு வேவுதுன்னு எண்ணிட்டு வந்து பேசுங்க மாமா" என்றார் அண்ணன்.

மாமா பல வருடம் அவரோடு பேசவில்லை.

விமானம் தாங்கிக் கப்பலிலும், ஜைன முறைப்படி, பொழுது சாய்ந்தபின் அண்ணன் சாப்பிட்டதில்லை. வேலை நீண்டால் பட்டினியாகவே படுத்தார். 'அவன் எல்லாத்தையும் விட்டுட்டான்' என்று இங்கே பேசியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விடுப்பில் வந்தால் சீ ஹாக் விமானத்தைப் பற்றித்தான் பேச்சு. அதில் பல வகை உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும்.

"மூக்குக்கு அடியில நாலு துப்பாக்கி எல்லாத்துக்கும் இருக்குதும்மா. அதை எண்ணி பிரயோஜனம் இல்ல. இறக்கைக்கு அடியில எண்ணு" என்பார்.

முதலில் வந்த வகையில் இறக்கையில் குண்டு மாட்ட இடமில்லை. பிறகு வந்ததில் இறக்கைக்கு ஒன்று. அதற்கும் பிறகு இறக்கைக்கு இரண்டு. அண்ணன் கை வைத்தவை இரண்டு உள்ளவை. பறந்து திரும்பிய விமானத்தில் வெடிக்காமல் மீந்த ராக்கெட்டைக் கழற்றுவதும் அவர் வேலைதான். ஒருநாளும் இன்னொருவரை முன்னால் அனுப்பியதில்லை.

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போர் முடிந்து ஊர் திரும்பினார். காமாலை வந்தது. இரண்டு மாதத்தில் போய்விட்டார்.

இந்த மலருக்கு மாமா ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து சீ ஹாக் படத்தை வெட்டி, அச்சகத்தில் படம் அச்சடிக்கும் பிளாக் செய்யக் கொடுக்க இருந்தார். அண்ணன் விமானத்தடியில் நிற்கும் போட்டோ வீட்டில் இருக்கும்போதே!

"அதுல குண்டு தெரியுதும்மா. இதுல ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்குது. கோயிலுக்கு வர்றவங்க கையில குடுக்கணும் இல்ல?" என்றார் மாமா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "இது அண்ணன் தொட்ட விமானமே இல்ல மாமா. இறக்கை வெறுமையா இருக்குது பாருங்க, முதல்ல வந்த வகை. ஆயுதம் இல்லன்னு யாரு சொன்னது? மூக்குக்கு அடியில பாருங்க."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் பார்த்தார். "ரெண்டு ஓட்டை இருக்குது."

"அந்தப் பக்கம் ரெண்டு. நீங்க போடச் சொன்ன சுத்தமான படத்துல நாலு துப்பாக்கி."

 மாமா பத்திரிகைப் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அவன் போட்டோவையே குடும்மா" என்றார். அவரே அச்சகத்துக்கு எடுத்துப் போனார்.

அந்தப் போட்டோவை எடுத்து அனுப்பிய கடற்படை நண்பருக்கு நன்றி. நோயின்போது பொழுது சாயுமுன் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கு நன்றி. கடைசி வாரம் முழுதும் மருத்துவமனையில் அண்ணன் கால்மாட்டில் கிடந்த மாமாவுக்கும் நன்றி.

எதிர்ப்பக்கத்தில் அண்ணன் நிற்கிறார். மறைக்க ஒன்றுமில்லை. அவர் தலைக்கு மேல் இருக்கும் இறக்கையின் அடியில் எண்ணிப் பாருங்கள்.