பாஸாகும் முன்பே பாடிய நன்றிப் பூசை

பட்டம் பெறுவதற்கு ஒரு வருடம் முன்னதாகவே பட்டதாரி அங்கியை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு படம் பிடித்தவன் நான். வெள்ளைக்காரன் காலம். கொழும்பில் கல்லூரிப் படிப்பின் இரண்டாம் வருடத்தை அப்போதுதான் முடித்திருந்தேன். அங்கி எனக்குச் சற்றுப் பெரிது. படம் பிடிப்பவர் அதை முதுகுப் பக்கம் இழுத்து ஊசி குத்திவிட்டு, முகத்துக்குக் கல்விக்களை போதாது என்று பக்கத்து முக்காலியில் ஒரு தடித்த புத்தகத்தையும் வைத்தார். அது குதிரை வைத்தியம் என்று பிறகுதான் கண்டேன்.

படத்தை மன்னார்த் தீவில், கீரியில் இருந்த என் தாய் தகப்பனுக்கு அனுப்பினேன். பின்பக்கத்தில் ‘பி.ஏ. உடுப்பில் எடுத்தது’ என்று எழுதினேன். பொய் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வாசிப்பவர்கள் என்ன நினைக்க வேண்டும் என்று என் மனம் விரும்பியதோ, அதற்குத் தடையாகவும் ஒரு சொல் இல்லை.

என் படிப்புக்குப் பணம் வந்த வழியை இங்கே சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கரான எங்கள் ஊரில் பங்கு என்றால் கோயிலும் பங்குதான், கரைவலையில் விழும் மீனைப் பிரிப்பதும் பங்குதான். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரும் பங்குச் சுவாமியாரும் சேர்ந்து, ஒவ்வொரு வலையிலும் படிப்புக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வந்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அந்த உதவி. பட்டப் படிப்புக்கு மூன்று வருடம். நேரத்துக்கு முடிப்பவருக்கு ஒரு பரிசும் உண்டு: ஒரு நாள் அவர் பெயரில் வலை வளைப்பார்கள், விழுவது முழுவதும் அவருக்கு. நேரத்துக்கு முடிக்காதவருக்கு அதற்குமேல் ஒரு சதமும் இல்லை. அவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும்.

நான் அந்தப் பரிசில் ஆசை வைக்கவில்லை. மேதைகள் நேரத்துக்கு முடிப்பதில்லை என்பது அந்தக் காலத்து என் கொள்கை. நான் மேதை என்பது அப்போது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. விவாதச் சங்கம், நாடகச் சங்கம் எல்லாவற்றிலும் நான் இல்லாமல் ஒன்றும் நடவாது என்று நம்பி, கடைசிச் சோதினையை இரண்டொரு வருடம் தள்ளிப் போடுவதென்று தீர்மானித்திருந்தேன். இதை ஊரில் பக்குவமாகச் சொல்லி, பணத்தையும் நீட்டித்துக்கொண்டு வருவோம் என்றுதான் அந்த விடுமுறைக்குப் புறப்பட்டேன்.

காலையில் மன்னார் நிலையத்தில் புகையிரதம் நின்றபோது மேளச் சத்தம் கேட்டது. யாரோ பெரிய மனிதர் அதே வண்டியில் வந்திருக்கிறார் என்று நினைத்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். மாலை என் கழுத்தில் விழுந்தது.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்துக் காட்டும் கோயில் மூப்பர் படத்தின் பின்பக்கத்தை உரத்து வாசித்தபோது, நடுவிலிருந்த ‘உடுப்பில்’ என்ற சொல் அவருடைய கண்ணாடிக்குத் தப்பிவிட்டது. ‘பி.ஏ. எடுத்தது’ என்று வாசித்தார். எங்கள் பேச்சில் படம் எடுத்தாலும் எடுத்ததுதான், பட்டம் எடுத்தாலும் எடுத்ததுதான். மூன்று வருடப் படிப்பை எங்கள் பெடியன் இரண்டு வருடத்தில் முடித்துவிட்டான் என்று ஊர் மகிழ்ந்துபோயிற்று. படம் கண்ணாடி போட்டு அலுமாரிக்கு மேலே ஏறிற்று.

மாட்டு வண்டி நேரே கோயிலுக்குத்தான் போனது. என்னை முன்வரிசையில் முழங்காலில் இருத்தி, நான் தேறியதற்கு நன்றியாகப் பாட்டுப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். நான் எழும்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைத் திறந்த ஒவ்வொரு தடவையும் பாடகர் குழு என்னை முந்திக்கொண்டது என்று பிறகு பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. மாலை நல்ல வாசமாக இருந்தது.

பூசை முடிந்ததும் சுவாமியார் அடுத்த உதவியை யாருக்குக் கொடுப்பது என்று அறிவித்தார். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து மெற்றிக்குலேசன் தேறியிருந்த, வலைக்கயிறு இழுக்கும் ஒருவருடைய மகள். விடுமுறை முடியக் கொழும்புக்குப் போகிறாள். அவளுடைய தகப்பன் என் இரண்டு கைகளையும் பிடித்து, “தம்பி, நீ கெதியா முடிச்சபடியால்தான் என்ர பிள்ளைக்குக் கிடைச்சுது” என்றார். அப்போதுதான் மாலை கனத்தது.

அன்று பின்னேரம் அந்தப் பெண் தன் தாயோடு பலகாரம் கொண்டு வந்தாள். தாய்மார் இருவரும் அடுப்படியில் கதைத்துக்கொண்டிருக்க, அவள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“அங்கி வாடகையோ?”

“ஓம்.”

“முதுகில ஊசி குத்தியிருக்கு போல. தோள் பக்கம் இழுபடுது.” பிறகு திரும்பிப் பார்த்தாள். “மூண்டு வருசப் படிப்பை ரெண்டு வருசத்தில முடிக்க ஒருத்தரையும் விடமாட்டினம் அண்ணை. விட்டாலும் நீங்கள் முடிக்கிற ஆளில்லை.”

“தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீ?”

“சொன்னால் நான் போகேலாது. இந்த வருசம் போகாட்டில் பாப்பாமோட்டையில சம்பந்தம் முடிக்கினம். நல்ல வயலாம், நல்ல கிணறாம். மாப்பிள்ளையைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.”

நான் மறுநாளே போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றேன். எனக்கு வாய்திறந்து கேட்கத் தைரியம் வராத ஒன்றை அவளே சொன்னாள்.

“அப்ப நானும் வாறன். நானும் மறைச்சனான்தானே.”

அடுத்த நாள் வலை கரைசேர்ந்த பிறகு, கரையோர ஓலைக் கொட்டிலான மீன் வாடியில் சம்மாட்டிமார் இருவரும் சுவாமியாரும் இருந்த இடத்துக்குப் போனோம். மூத்த சம்மாட்டியார் அந்தப் படிப்புப் பங்கைத் தொடக்கி வைத்தவர். இளைய சம்மாட்டியார் அதைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தவர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தள்ளிப்போடும் திட்டம் உட்படச் சொன்னேன். மூன்றாம் வருடத்துக்கு எனக்கு ஒரு சதமும் வேண்டாம், நானே உழைத்து நேரத்துக்கு முடிக்கிறேன், இவளை நிறுத்த வேண்டாம் என்று கேட்டேன். அவளும் தனக்கு முதலே தெரியும் என்று ஒப்புக்கொண்டாள்.

“நான் அண்டைக்கே சொன்னனான்,” என்றார் இளைய சம்மாட்டியார். “இந்தப் பங்கைப் புது வலையில போட்டிருந்தால் மீனெண்டாலும் வந்திருக்கும். ஒரு நேரத்தில ஒராள் எண்டதுதான் எங்கட சட்டம். இவர் முடிக்கேல்லை. அப்ப இந்தப் பிள்ளை நிக்கட்டும்.”

சட்டப்படி அதுதான் சரி. அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூத்த சம்மாட்டியார் தாடையைச் சொறிந்தார். பிறகு சுவாமியாரிடம் திரும்பினார்.

“சுவாமி, பூசை ஒப்புக்கொடுத்தாச்சல்லோ?”

“ஒப்புக்கொடுத்தாயிற்று,” என்றார் சுவாமியார். அவர் பிரெஞ்சுக்காரர், தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர்.

“பாட்டுப் பூசை?”

“பாட்டுப் பூசைதான்.”

“என்ன கருத்துக்கு?”

“இவர் தேர்ச்சி பெற்றதற்கு நன்றியாக.”

“அப்ப சரி. ஆண்டவருக்கு நன்றி சொல்லியாச்சு. இனிப் போய், பிழையாச் சொல்லிப்போட்டம், நன்றியைத் திருப்பித் தாரும் எண்டு கேக்கேலாது. ஊருக்கு முன்னால ஆண்டவரைப் பொய்யராக்கப் போறமோ? பூசையின்படி இவன் முடிச்சிட்டான். பிள்ளை போகட்டும். பூசை பொய்யாகாமல் பாக்கிறது இவன்ர வேலை.”

பூசையின் இறையியல் அப்படியல்ல என்று சுவாமியார் விளக்கத் தொடங்கினார். வாடியில் இருந்த முகங்களைப் பார்த்தார். பிறகு மூக்குத்தூள் டப்பாவை எடுத்தார்.

இளைய சம்மாட்டியார் மட்டும் விடவில்லை. “போகட்டும். ஆனால் இவர் வாற வருசம், முதல் தடவையிலயே பாஸ் பண்ண வேணும். இல்லையெண்டால் பிள்ளையும் திரும்பி வரவேணும், படிப்புப் பங்கும் வலைக்குப் போகவேணும். பிறகு ஒருத்தரும் என்னோட கதைக்கக் கூடாது.”

எல்லோரும் சம்மதித்தார்கள். அவள் தகப்பனும் சம்மதித்தார். வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. இப்படி என் சோதினைக்கு நான் ஒருவனாக இருந்தது போய், ஒரு பெண்ணின் படிப்பையும் ஊரின் நிதியையும் ஆண்டவருடைய மானத்தையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் புகையிரதம் ஏறினேன்.

விடுதிக்குக் கட்டப் பணம் இல்லை. புறக்கோட்டைச் சந்தையில் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்த, எங்கள் தீவின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த முஸ்லிம் முதலாளி ஒருவரைத் தேடிப்போய், ஊரைச் சொன்னேன். என்னை அவர் முன்பின் கண்டதில்லை. “படிக்கிற பிள்ளையோ? மூட்டையளுக்கு மேல படுக்கலாம். பின்னேரத்தில கணக்கெழுதுங்கோ. சாப்பாடு எங்களோட” என்றார். வாடகைப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. அவர் தொழுகைக்கு எழும்பும் நேரத்தில் என்னையும் தட்டி எழுப்பிவிடுவார். ஒரு கத்தோலிக்கப் பெடியன் தர்க்க சாஸ்திரம் படித்துத் தேறியதற்கு அந்தக் காலைத் தொழுகையும் ஒரு காரணம். இதைச் சுவாமியாருக்கு நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னியர் விடுதியின் பார்வையாளர் அறைக்கு நான் போக வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் உத்தரவு. மூலையில் ஒரு கன்னியாஸ்திரி செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். இவள் என் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். நான் தடுமாறினால் திட்ட மாட்டாள். “பாப்பாமோட்டை” என்று மட்டும் மெதுவாகச் சொல்வாள். அந்த ஒரு சொல்லுக்கு இருந்த பலம் என் பேராசிரியர்களின் முழு விரிவுரைகளுக்கும் இருக்கவில்லை.

ஒரே ஒரு முறை சறுக்கினேன். நாடகச் சங்கத்தார் வந்து, அரச வேடத்துக்கு என்னை விட்டால் ஆளில்லை என்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒத்துக்கொண்டேன். எப்படியோ அவள் காதுக்கு எட்டிவிட்டது. அந்த ஞாயிறு புத்தகத்தைத் திறக்காமலே இருந்தாள்.

“ராசா வேசமோ?”

“ஓம். சின்ன வேசம்தான்.”

“ஒத்திகை எவ்வளவு நாளைக்கு?”

“சோதினைக்குக் கொஞ்சம் முந்தி முடிஞ்சிடும்.”

“எனக்கு இந்த விடுதியில இப்பதான் ஒரு கட்டில் தந்தவை. பெட்டியை அவிழ்க்கட்டோ, கட்டியே வைக்கட்டோ? அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ.”

அடுத்த நாளே முடி துறந்தேன். எனக்குப் பதிலாக நடித்தவர் என்னைவிட நன்றாக நடித்தார் என்று பலர் சொன்னார்கள். கேட்காமலே சொன்னார்கள்.

சோதினை மண்டபத்தில் என்னை யன்னல் ஓரக் கதிரைக்கு மாற்றினார்கள். மரியாதை என்று நினைத்தேன். கருவாட்டு மூட்டைகளின்மேல் ஒரு வருடம் படுத்தவனுடைய உடுப்பு மற்றவர்களின் நினைவாற்றலைப் பாதித்தது என்பது பிறகு தெரிந்தது. எழுதி முடித்துவிட்டு, பட்டம் வழங்கும் லண்டன் பல்கலைக்கழகத்திலிருந்து முடிவு வரும்வரை மூட்டைகளின்மேலேயே காத்துக்கிடந்தேன். பயமாக இருந்ததா என்று கேட்டால், வியப்பான விஷயம், இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பாடத்தை முழுவதும் படித்திருந்தேன். அப்படிப் படித்தால் ஒரு தைரியம் வரும் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னபோது நான் ஒத்திகையில் இருந்தேன்.

தேறினேன். கடைசியான மூன்றாம் வகுப்பில்தான்; ஆனால் நேரத்துக்கு, முதல் தடவையிலேயே. விடுதிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனி நான் என்ர புத்தகத்தைப் படிக்கலாம்” என்றாள்.

இந்த முறை மன்னார் நிலையத்தில் மேளம் இல்லை. போன வருடமே கொண்டாடியாகிவிட்டது. இளைய சம்மாட்டியாரே என் பெயரில் வலை வளைத்தார். சொன்ன சொல்லுக்கு நிற்கும் மனிதர். ஊரே கரையில் நின்று பார்க்க, வலையின் மடியை இழுத்துப் போட்டபோது பெரும்பாலும் விலைபோகாத சொறிமுட்டையும் கடற்பாசியும்தான் கிடந்தன. “மூண்டாம் வகுப்பு வலை” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் படிப்புப் பங்கைப் பற்றி அதன்பின் அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவள் தன் மூன்று வருடத்தையும் நேரத்துக்கு, மேல் வகுப்பில் முடித்து வந்தபோது அவர்தான் முதலில் கயிற்றைப் பிடித்தார். அவள் பெயரில் வளைத்த வலையில் பாரை மீன் கொட்டியது. கடலுக்கும் தராதரம் தெரிந்திருக்கிறது.

வாசகர்கள் எதிர்பார்ப்பது நடக்கவில்லை. அவள் புத்தியுள்ள ஒருவரை மணந்தாள். இப்போது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமையாசிரியை. அவளுக்குப் பின் அந்த உதவியில் படித்துப் பலர் நேரத்துக்கு முடித்திருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்று என்னைத் தடுத்ததாக அன்று நான் எரிச்சல்பட்ட அந்தச் சட்டம்தான் என்னைப் பட்டதாரி ஆக்கியது. உதவிப் பணம் ஒரு கதிரை மாதிரி; இருப்பவர் எழும்பினால்தான் நிற்பவர் இருக்கலாம். முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்ற நினைப்பு வந்த பிறகு, எந்த வேலையையும் நான் தள்ளிப்போட்டதில்லை.

இவ்வளவையும் அண்மையில் அந்தப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில், நேரத்துக்கு முடிப்பதன் அருமை என்ற தலைப்பில், பிள்ளைகளுக்கு விரிவாக எடுத்துச் சொன்னேன். கை தட்டினார்கள். மேடையை விட்டு இறங்கும்போது தலைமையாசிரியை பக்கத்தில் வந்து, “நல்ல பேச்சு அண்ணை,” என்றாள். “நீங்கள் முடிக்கிறதுக்குள்ள பெரியமடுப் பிள்ளையளின்ர கடைசி பஸ்தான் போயிட்டுது.”