நிலவறை வாசலில் கெனாக்கா

ஆள் வராத வாசலைக் காப்பதற்குப் பெயர் பொறுப்பா, பிடிவாதமா? ராஷ்கோ கோலரொவ் காலையில் பல் துலக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நிற்கும். அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்துகிறவன். இப்படிப்பட்ட யோசனைகளுக்கு அவனிடம் நேரமும் கிடையாது, பழக்கமும் கிடையாது. ஆனால் அந்த நேரத்தில்தான் பக்கத்து பால்கனியில், இரண்டு வீட்டுக்கும் நடுவே நிற்கும் தகரத் தடுப்புக்கு அப்பால், கெனோவேவா தாஷேவா தன் மடிக்கணினியைத் திட்டத் தொடங்குவார்.

"வந்துட்டானுங்க பாரு, முந்நூறு பேரு! ஒருத்தனாவது உப்பு எவ்வளவு போடணும்னு கேக்குறானா?"

அந்த முந்நூறும் ஆட்கள் இல்லை. இணையம் முழுக்க அலைந்து ஒவ்வொரு வாசலையும் மோந்து பார்க்கும் தானியங்கி நிரல்கள். கெனோவேவா நடத்தும் இணைய மன்றத்துக்கு 'நிலவறை' என்று பெயர். குடைமிளகாய், தக்காளி, வெள்ளரி, முட்டைக்கோஸ் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் குளிர்காலத்துக்காக ஜாடியில் அடைப்பவர்கள் கூடிப் பேசும் இடம். யாம்போல் நகரில் ஜாடி அடைக்காத வீடு இல்லை. அதனால் ஒரு காலத்தில் பல்லாயிரம் பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். இப்போது வாய் திறப்பவர்கள் கெனோவேவாவையும் சேர்த்து ஐந்து பேர்.

கெனோவேவாவுக்கு அறுபத்து மூன்று வயது. நகராட்சி நீச்சல்குளத்தின் நுழைவுக் கூண்டில் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பது வேலை. ஊரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு, பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. ரப்பர் தொப்பி கொண்டுவராத யாரையும் உள்ளே விட மாட்டார். வழுக்கைத் தலையோடு வந்த நகரத் துணைத்தலைவரையே திருப்பி அனுப்பியிருக்கிறார். "எனக்குத்தான் முடியே இல்லையே" என்று அவர் தலையைத் தடவிக் காட்டியபோது, "தலை இருக்குல்ல? தொப்பி இல்லேன்னா தண்ணி இல்ல" என்று கண்ணாடிச் சன்னலை இழுத்துச் சாத்திவிட்டார். வீட்டுக்கு வந்தாலும் உடம்பில் குளோரின் வாடை போகாது. தலையில் ஒரு மூக்குக்கண்ணாடி, கழுத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார்.

மன்றத்தைத் தொடங்கியவர் அவர் இல்லை. தொடங்கிய பொறியாளர் ஸ்பெயினுக்கு வேலைக்குக் கிளம்பும்போது, "ரெண்டு வாரம் பாத்துக்குங்க" என்று கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனார். பதினாறு வருடம் ஆகிறது. அந்த மென்பொருளைச் செய்தவர்களே அதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிவிட்டது. கெனோவேவா மட்டும் விடவில்லை. அவருடைய பழுதுபார்க்கும் முறை எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

"உடைஞ்சதை ஒட்டக்கூடாது ராஷ்கோ. ஒட்டுனா மறுபடி உடையும். கழட்டிட்டா எப்படி உடையும்?"

இப்படிக் கழற்றிக் கழற்றி, தேடும் வசதி போனது, தனிக்கடிதம் போனது, வண்ணங்கள் போயின. இப்போது யாருக்காவது பழைய குறிப்பு ஒன்று வேண்டுமென்றால் கெனோவேவாவைத்தான் கேட்க வேண்டும். எது எங்கே இருக்கிறதென்று அவருக்கு மனப்பாடம். ஒருமுறை முகக்குறிகளில் கோளாறு வந்தபோது அவற்றையும் கழற்றினார். சிரிக்கும் முகம், கண்ணடிக்கும் முகம், கோபமுகம் எல்லாம் போய், கண்ணீர் வடிக்கும் முகம் ஒன்று மட்டும் எப்படியோ தப்பியது. அன்றிலிருந்து நிலவறையில் பேரன் பிறந்தாலும் அழுகை முகம், ஜாடி வெடித்தாலும் அழுகை முகம்.

ஒன்றை மட்டும் அவர் கழற்றவில்லை. பிறந்தநாள் வந்தால் மென்பொருள் தானாகவே வாழ்த்துச் சொல்லும். அந்த உறுப்பினர் இறந்துபோனது அதற்குத் தெரியாது. தன் மாமாவே இறந்து நாலு வருடம் கழித்து அங்கே வாழ்த்துப் பெறுவதைக் கேள்விப்பட்டு ராஷ்கோ ஒருநாள் விசாரித்தான்.

"அதையும் கழட்டிடலாமே அக்கா?"

"அது உடையலையே" என்றார் கெனோவேவா.

ராஷ்கோவுக்கும் அவருக்கும் உள்ள உறவு மின்சாரத்தால் ஏற்பட்டது. செப்டம்பர் வந்தால் அந்தக் கட்டடத்தில் எல்லாப் பால்கனியிலும் குடைமிளகாய் சுடும் மின்னடுப்பு ஏறிவிடும். இவர்கள் இருவர் அடுப்பும் ஒரே நேரத்தில் எரிந்தால் மாடி முழுக்க இருட்டாகிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை கெனோவேவாவுக்கு, மதியத்துக்கு மேல் ராஷ்கோவுக்கு என்று ஒப்பந்தம். அவர் சுடும்போது இவன் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பேசுவான். இவன் சுடும்போது அவர் குறை சொல்வார்.

அந்த வருடம் செப்டம்பரில் மன்றத்தின் கணினியை வாடகைக்கு விட்டிருந்த நிறுவனம் ஓர் அறிவிப்பு அனுப்பியது. பழைய இயந்திரத்தை அக்டோபர் கடைசியில் அணைக்கப்போகிறார்கள். வேண்டியவர்கள் புதிய இயந்திரத்துக்கு மாறிக்கொள்ளலாம். மாறுவதென்றால் கெனோவேவா பதினாறு வருடமாகக் கழற்றியதையும் முடிச்சுப் போட்டதையும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். அவர் மன்றத்தின் தலைப்பில் இரண்டு வரி எழுதி வைத்தார்: 'இந்தப் பருவம் முடிவதற்குள் புதிதாக ஒருவராவது வந்து வாய் திறந்தால் இடம் மாற்றுவேன். இல்லையென்றால் விளக்கை அணைத்துவிடலாம்.'

மற்ற நால்வரும் ஆளுக்கொரு அழுகை முகம் போட்டார்கள். அது அழுகையா, சிரிப்பா, சம்மதமா என்று யாருக்கும் விளங்கவில்லை.

"நான் சேர்றேன், விடுங்க" என்று ராஷ்கோ அன்று மாலையே அவர் சமையலறையில் போய் உட்கார்ந்தான். கெனோவேவா மேசைமேல் ஒரு சிறு கோப்பை ராக்கியா சாராயத்தை வைத்தார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, பரிசோதனையாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் அவன் குடித்தான். கைப்பேசியில் பெயர் எழுதினான், பிறந்த தேதி எழுதினான். கடைசியில் ஒரு கேள்வி வந்தது.

'சுட்ட குடைமிளகாயை, தோல் உரிப்பதற்கு முன், எதில் போட்டுப் புழுங்க வைப்பீர்கள்? ஒரே சொல்லில் எழுதவும்.'

"இது என்னக்கா, பரீட்சையா?"

"ரோபோவுக்கு வெச்சது. ஒரு சமயம் ராவோட ராவா நாலாயிரம் ரோபோ சேந்து, சீனாக்காரன் செருப்பு வித்துச்சுங்க. இந்தக் கேள்வி வெச்சேன், அன்னியோட சரி. ஒரு ரோபோ நுழையணுமே!"

ராஷ்கோ 'பை' என்று எழுதினான். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'தவறான விடை. நீங்கள் இயந்திரமா?'

"பையா?" கெனோவேவா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். "பானைய்யா. மூடி போட்ட பானை. சுடச்சுட பிளாஸ்டிக் பையில போட்டா அது உருகி உள்ள போவாதா?"

"முப்பது வருஷமாத் தின்றேன். நான் என்ன உருகிட்டேனா?"

"தலைமயிரு போயிருச்சே."

"அது எங்கப்பாவுக்கும் போச்சு!"

"அவரும் பையிலதான் போட்டிருப்பாரு."

அந்தப் பழைய மென்பொருளுக்கு ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் தெரியும். இரண்டாவது விடையை எழுதி வைக்க அதில் இடமே கிடையாது. ராஷ்கோ கோப்பையைக் கீழே வைத்தான்.

"அக்கா, இந்தக் கேள்வியை வெச்சு எத்தனை வருஷம்?"

"எட்டு, ஒம்பது இருக்கும்."

"ஊர்ல பாதிப் பேரு பைக்காரன். எட்டு வருஷமா பாதி ஊரை வெளிய நிக்க வெச்சிருக்கீங்க."

"மீதிப் பாதி வந்துச்சே! வராமலா போச்சு?"

"வந்து என்ன பண்ணாங்க?"

 கெனோவேவா மேசை விரிப்பில் இருந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஓர் ஓரமாகக் கூட்டினார்.

"'ஆமா, நானும் அப்படித்தான்'னு ஒரு வரி எழுதுவாங்க. அப்புறம் வர்றதில்ல."

கேள்வி வைப்பதற்கு முந்தைய காலத்தைப் பற்றி அவரே முன்பு பலமுறை சொல்லியிருக்கிறார். ஜாடியில் அடைத்தது கெடாமலிருக்க ஆஸ்பிரின் மாத்திரை போடலாமா கூடாதா என்று மூன்று குளிர்காலம் ஓடிய சண்டை. 'வெள்ளரிக்கு வினிகர் ஊற்றுகிறவன் என் முகத்தில் விழிக்காதே' என்று எழுதிவிட்டுப் போன பல் மருத்துவர் மறுநாளே திரும்பி வந்தது. கெனோவேவா தூங்காமல் உட்கார்ந்து வசவுகளை அழித்தது. அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில், கூண்டுக்குள் இருக்கும்போது இல்லாத ஒரு வெளிச்சம் வரும்.

"சரி, எனக்காகப் 'பானை'ன்னு எழுதேன். ஒரு சொல்லுதானே?"

"பொய் சொல்லியெல்லாம் உள்ள வரமாட்டேன்" என்றான் ராஷ்கோ. வகுப்பில் தன் மாணவர்களிடம், 'சாலையில நடக்கிறதை எழுதாதீங்கடா, புத்தகத்துல போட்டிருக்கிறதை எழுதுங்க' என்று வாரம் தவறாமல் சொல்கிறவன் அவன்தான்.

"அப்ப வெளியவே இரு. தொப்பி இல்லேன்னா தண்ணி இல்ல."

வேறு யாரும் வரவில்லை. அக்டோபர் நகர்ந்தது. சந்தையில் மிளகாய் மூட்டைகள் மெலிந்தன. தடுப்புக்கு அப்பால் காலைத் திட்டு குறைந்து, ஒருநாள் நின்றே போனது. திட்டு இல்லாத காலையில் பல் துலக்குவது எப்படியிருக்கும் என்று ராஷ்கோ அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. பால்கனியில் எட்டிப் பார்த்தான். கெனோவேவா மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். விசைப்பலகையில் விழுந்துபோன ஓர் எழுத்துக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான் ஒன்றை ஒட்டி வைத்திருப்பார். அந்தப் பொத்தானைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பருவத்தின் கடைசி ஞாயிறு. காலை, கெனோவேவாவின் முறை. புகை தடுப்பைத் தாண்டி வந்தது. ராஷ்கோ பால்கனிக்கு வந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, கைப்பேசியை எடுத்தான். பெயர் எழுதினான், பிறந்த தேதி எழுதினான். கேள்வி வந்தது. ஒருமுறை பெருமூச்சு விட்டான். தன் மாணவர்களில் யாராவது பார்க்கிறார்களா என்பதுபோல் கீழே தெருவைப் பார்த்தான். 'பானை' என்று எழுதினான்.

'தவறான விடை. நீங்கள் இயந்திரமா?'

ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து மறுபடி எழுதினான். மறுபடியும் இயந்திரமா என்று கேட்டது. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. மனசாட்சியை விற்கப் போனால் வாங்க ஆளில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"அக்கா! உங்க மெஷின் செத்துப்போச்சு!"

"அது நல்லாத்தான் இருக்கு. என்ன எழுதுன?"

ராஷ்கோ கைப்பேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"கேக்குறேன்ல? என்னய்யா எழுதுன?"

"...பானைன்னு."

தடுப்புக்கு அப்பாலிருந்து சிரிப்பு வருமென்று எதிர்பார்த்தான். வரவில்லை.

"அப்படி யாரு எழுதச் சொன்னா?"

"நீங்கதானே அன்னைக்கு..."

"அது அன்னைக்கு. உனக்குத் தெரிஞ்சதை எழுது."

 அவன் 'பை' என்று எழுதினான். திரை ஒருமுறை இமைத்தது. 'நிலவறைக்கு நல்வரவு' என்று எழுதி, பக்கத்தில் கண்ணீர் வடித்துக்கொண்டு அந்த முகம்.

அவன் நின்றபடியே எழுத ஆரம்பித்தான். பையின் சிறப்பு, அதைக் கட்டும் விதம், பானைக்காரர்கள் அறியாமையால் இழந்துகொண்டிருக்கும் மணம் என்று விரல் வலிக்கும்வரை எழுதி அனுப்பினான். காபி ஆறுவதற்குள் முதல் பதில் வந்தது. 'யாரப்பா நீ? உன்னை யார் உள்ளே விட்டது?' அடுத்தது அதைவிட நீளம். மூன்றாவதாகப் பல் மருத்துவர் வந்தார். நான்கு வருடமாக அவர் ஒரு சொல்கூட எழுதியதில்லை. 'பை என்பது சோம்பேறிகளின் பாத்திரம்' என்று தொடங்கியிருந்தார்.

"அக்கா, பாத்தீங்களா? திட்டுறாரு என்னை!"

"பாத்தேன்."

"இடம் மாத்துவீங்கதானே?"

"வாயைத் திறந்துட்டியே. இன்னைக்கு ராத்திரி உக்காரணும்."

ராஷ்கோ தகரத் தடுப்பின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தான். கெனோவேவா பல் மருத்துவரின் வசவை இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தார். அந்த மென்பொருளில் ஒரே ஒரு விடைக்குத்தான் இடம். 'பை' என்று எழுதி வைக்க வேண்டுமானால் 'பானை'யை அவர் அழித்திருக்க வேண்டும்.

"விடையை ஏங்க்கா மாத்துனீங்க? இனிமே பானைக்காரங்க ஒருத்தரும் உள்ள வரமுடியாதே."

"கையை எடு, தகரம் ஆடுது" என்றார் கெனோவேவா. "மிளகாய் கருகப்போகுது."

இடுக்கியால் மிளகாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்தில் தயாராக இருந்த பானையில் போட்டார். மூடியை வைத்தார். அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.